டெய்லரம்மாவின் டிவியில் தெரிந்தது

தெருவில் அவளுக்கு டெய்லரம்மா என்றுதான் பெயர். வாசலில் வந்து நிற்கும் ஆளைப் பார்த்த மாத்திரத்தில் தோள் இவ்வளவு, இடுப்பு இவ்வளவு என்று மனசுக்குள் அளந்துவிடுவாள். பேச்சும் வெட்டு ஒன்று துண்டு இரண்டுதான். அப்படிப்பட்டவள், பரணிலிருந்த துணிக்கட்டை எடுக்க ஸ்டூலில் ஏறி, வழுக்கி விழுந்து, இடுப்பெலும்பை முறித்துக்கொண்டு கட்டிலோடு கிடந்தாள். கால் தரையில் படக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். டாக்டர் சொன்னது காலை மட்டும்தான். அவள் வீட்டுக்காரரோ, ஆளே எதிலும் படக்கூடாது என்று எடுத்துக்கொண்டார்.

வீட்டுக்காரர் கெட்டவர் இல்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். ஆபீஸ் சூப்பரின்டென்டாக இருந்து ரிட்டயர் ஆனவர். மாத்திரை, தண்ணீர், சாப்பாடு எல்லாம் நேரம் தவறாமல் வரும். அவள் தூங்கட்டும் என்று கதவைச் சாத்திவைப்பார். தூக்கம் வருகிறதா என்றுதான் ஒருநாளும் கேட்டதில்லை. அறை மூலையிலிருந்த தையல் மெஷின்மேல் ஒரு போர்வையைப் போர்த்தி, அதன்மேல் பழைய பேப்பரை அடுக்கிவிட்டார். கட்டிலில் படுத்தபடி அவள் நாளெல்லாம் அதைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியிருந்தது.

ஹாலில் ஒரு கம்ப்யூட்டர் இருந்தது. வெளியூரில் வேலை பார்க்கும் மகன், விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் போட்டு, துணி வெட்டுவதற்கு பேட்டர்ன் வரையும் அப்ளிகேஷன் ஒன்றையும் போட்டுக் கொடுத்திருந்தான். அளவைக் கொடுத்தால் முன்பக்கம், முதுகு, கை என்று தனித்தனியாகக் கோடு போட்டுக் காட்டும். ஐம்பது வயசுக்கு மேல் மவுஸைத் தொட்டவள், கொஞ்ச நாளில் அதைத் தண்ணிபட்ட பாடாக்கிவிட்டாள். எலக்ட்ரீஷியனை வைத்துச் சுவரில் ஓட்டை போட்டு, கம்ப்யூட்டரிலிருந்து ஒரு கேபிளைப் படுக்கையறை டிவிக்கு இழுத்தாள். வெட்டும் நாளில் மட்டும் டிவியை இரண்டாவது திரையாக ஆன் செய்து, பேட்டர்னை அதில் பெரிசாக வைத்துக்கொண்டு, கட்டிலில் துணியை விரித்து வெட்டுவாள். வேலை முடிந்ததும் அணைத்துவிடுவாள். வீட்டில் மற்ற யாருக்கும் அந்தக் கேபிள் எதற்கென்று தெரியாது. யாரும் கேட்டதும் இல்லை.

அந்தப் பேட்டர்ன்களை வெறும் கோடு என்று நினைத்துவிடக் கூடாது. ஒருத்திக்கு ஒரு தோள் இறங்கியிருக்கும், இன்னொருத்திக்கு முதுகு லேசாக வளைந்திருக்கும். அதெல்லாம் போட்டுக்கொண்டவளுக்கும் தைத்தவளுக்கும் மட்டுமே தெரிந்த விஷயம். ஒரு நர்ஸ் இருந்தாள். ஆபரேஷனில் ஒரு பக்க மார்பை எடுத்துவிட்டார்கள். இரண்டு பக்கமும் சமமாகத் தெரியும்படி அவளுக்கு ஒரு வெள்ளைக் கோட்டு தைக்க, டெய்லரம்மா வரைந்து, தைத்து, பிரித்து, மறுபடி வரைந்து மாசக்கணக்கில் உழைத்தாள். புது ஆஸ்பத்திரியில் சேரப்போகிறேன், இன்னும் ரெண்டு கோட்டு வேண்டும், பேட்டர்ன் மட்டும் கொடுங்கள், வேறு இடத்தில் தைத்துக்கொள்கிறேன் என்று நர்ஸ் போனில் கேட்டிருந்தாள். இனி அவளை நிற்கவைத்து மறுபடி அளந்து பார்க்க இவளால் முடியாது. அந்த ஃபைல் போனால் போனதுதான்.

லீவில் வந்த மகனிடம் அதைப் பிரின்ட் எடுத்துத் தரச் சொன்னாள். அவன் சும்மா இருந்திருக்கலாம். "ரொம்பப் பழைய வெர்ஷனா இருக்கும்மா" என்று முதலில் லினக்ஸை அப்கிரேடு செய்தான். அதோடு அப்ளிகேஷன் திறக்காமல் போயிற்று.

"கிளிக் பண்ணினா கொஞ்ச நேரம் சுத்துது, அப்புறம் ஒண்ணுமே வரலை" என்றான் ஹாலில்.

"நல்லா இருந்ததை நோண்டிட்டியா?" என்றார் அப்பா.

கதவுக்கு இந்தப் பக்கம் படுத்து டெய்லரம்மா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். அவளுடைய ஆட்சிக்குள் மிச்சமிருந்தது டிவி ரிமோட் ஒன்றுதான். ஏதாவது செய்யவேண்டுமே என்று அதில் இன்புட்டை மாற்றினாள். டிவியில் நீலமாய் ஒரு வெற்றுத் திரை வந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதில் அவளுடைய அப்ளிகேஷன் ஜம்மென்று திறந்தது.

அவளுக்குச் சட்டென்று புரிந்துவிட்டது. அப்கிரேடில் பழைய செட்டிங் போய், டிவி தானாகவே இரண்டாவது திரையாகிவிட்டது. அப்ளிகேஷனோ கடைசியாகத் தான் இருந்த இடத்தை மறக்காமல் நேராக இங்கே வந்து நிற்கிறது.

"டேய், இங்கே திறந்திருக்குடா! டிவியில!"

"டிவி தானேம்மா, பாரு! ரெண்டு நிமிஷம், வந்துடறேன்!"

மறுபடி கத்தினாள். வீட்டுக்காரர் கதவைத் திறந்துகொண்டு ஒரு டம்ளர் தண்ணீரோடு வந்தார். கேட்டது என்னவானாலும் அவர் கொண்டுவருவது தண்ணீர்தான். அதற்குள் அங்கே மகன், ஹேங் ஆகிவிட்டது என்று நினைத்து அப்ளிகேஷனை நிறுத்தியிருந்தான். டிவியில் நீலம் மட்டும் இருந்தது.

"டிவியைப் பாருங்க" என்றாள்.

"ஒண்ணும் வரலையே. கேபிள்காரனுக்குச் சொல்றேன். கத்தாதே, இடுப்பு அதிருது" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு போனார்.

மகன் அப்ளிகேஷனை அழித்து மறுபடி போட்டான். கறுப்புத் திரையில் கட்டளை அடித்துப் பார்த்தான். எரர் எதுவும் வரவில்லை, அதுதான் அவனை இன்னும் குழப்பியது. ஒவ்வொரு தடவையும் அது இங்கே திறந்தது, ஒவ்வொரு தடவையும் அவன் அங்கே கொன்றான். அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

"மொத்தமா ஃபார்மட் பண்ணிடலாம்ப்பா. ஆனா அம்மாவோட ஃபைலெல்லாம் காப்பி எடுக்கணும். இந்தப் பென்டிரைவ் பத்தாது."

"ஃபோட்டோவை மட்டும் எடுத்துக்கடா. மத்தது எதுக்கு? இனிமே அவ தைக்கவா போறா?"

மகன் கொஞ்சம் தயங்கினான். "அம்மாகிட்ட ஒரு வார்த்தை..."

"தூங்கிட்டு இருப்பா. பண்ணு."

அவள் தலைமாட்டிலிருந்த போனை எடுத்தாள். மகனுக்குப் போன் செய்தாள். ஹாலில் அது அடிப்பதும் கேட்டது, அவன் கட் செய்ததும் கேட்டது. வீட்டுக்காரருக்குச் செய்தாள். "பக்கத்து ரூம்லேர்ந்து போன் பண்றா பாரு. போரடிக்குது போல, பாவம்" என்று அவரும் கட் செய்தார். ஃபோட்டோ ஏறிக்கொண்டிருக்கிறது, முடிந்ததும் அழித்துவிடலாம் என்றான் மகன்.

கடைசியாக நர்ஸின் ஃபைலைக் கிளிக் செய்து பார்த்துவிட்டு, அதை நிறுத்த அவன் மறந்துவிட்டான் போலிருக்கிறது. டிவியில் நர்ஸின் கோட்டு அப்படியே நின்றது. அதைப் படமெடுத்து எல்லோருக்கும் அனுப்பியிருக்கலாம். ஆனால் பார்த்தவர்களுக்கு நர்ஸின் விஷயம் புரிந்துவிடுமே. அப்ளிகேஷனின் பெயர் மட்டும் தெரியும்படி டிவியின் மேல் ஓரத்தைப் படமெடுத்து, வெளிநாட்டிலிருக்கும் தம்பிக்கு அனுப்பி, உடனே கூப்பிட்டாள். அங்கே விடிந்தும் விடியாத நேரம்.

"என்னக்கா?"

"உங்க அத்தானுக்குப் போன் போடு. என் டிவியில திறந்திருக்கு, எதையும் அழிக்க வேணாம்னு சொல்லு. நான் சொன்னா காதுல ஏறாது."

"நீ எங்கே இருக்கே?"

"பக்கத்து ரூம்ல."

தம்பி சிரிக்கவில்லை. அடுத்த நிமிஷம் ஹாலில் போன் அடித்தது. முதல் மணியிலேயே வீட்டுக்காரர் எடுத்தார். "மாப்பிள்ளை! சொல்லுங்க! என்னது, டிவியிலயா? அப்படியா! டேய், நிறுத்துடா!"

இரண்டு பேரும் உள்ளே ஓடிவந்தார்கள். வீட்டுக்காரர் டிவியை உற்றுப் பார்த்தார். "ஒரு பக்கம் கோணலா இருக்கே, கெட்டுப்போச்சா?" அவள் ரிமோட்டை அழுத்தி டிவியை அணைத்தாள்.

"மாமா சொல்லித்தான் தெரியுது. ஏம்மா எங்ககிட்ட சொல்லலை?" என்றான் மகன்.

அவள் வீட்டுக்காரர் பக்கம் திரும்பினாள். "இனிமே நான் தைக்கப்போறதில்லைன்னு உங்ககிட்ட யார் சொன்னா?"

அவர் முகம் செத்துப்போயிற்று. அப்படிச் சொல்லவே இல்லை என்று ஒரு பொய்யாவது சொல்லியிருக்கலாம். "கதவு சாத்தியிருந்துதே..." என்றார்.

மகன் தலையைக் குனிந்துகொண்டான். பிறகு, "ஒரு நிமிஷம்மா, ஹால் ஸ்கிரீனுக்கே மாத்திடறேன்" என்று நகர்ந்தான்.

"மாத்தவேணாம். இங்கேயே இருக்கட்டும். மவுஸையும் கீபோர்டையும் எடுத்துட்டு வா."

"வயர் எட்டாதேம்மா."

"எட்டற மாதிரி வாங்கிட்டு வா."

வாங்கி வந்தான். வயர் ஹாலிலிருந்து நிலைப்படியைத் தாண்டி, தரையோடு வந்து கட்டிலில் ஏறியது. தலையணையில் சாய்ந்தபடி டெய்லரம்மா டிவியைப் போட்டு, நர்ஸின் கோட்டில் கையின் அளவைச் சரிபார்க்க ஆரம்பித்தாள். வீட்டுக்காரர் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு வெளியே போனார். பழக்கதோஷம், போகும்போது கதவை இழுத்தார். வயர் குறுக்கே கிடந்தது. கதவு சாத்தவில்லை.