தறிக்குழியில் சக்கரவர்த்தி

செல்லியம்மாள் கோபக்காரி என்று ஆரணியில் அந்தத் தெருவே சொல்லும். ஏன் கோபம் என்று கேட்டவர் ஒருவரும் இல்லை. உட்கார்ந்து எழ முடியாத கணவருக்கும் பள்ளிக்கூடம் போகிற இரண்டு பெண்களுக்கும் தன் கையால் சோறு போட வேண்டியவளிடம் சாந்தத்தை எதிர்பார்ப்பவர்கள், பெரும்பாலும் யாரோ போட்ட சோற்றைத் தின்றுவிட்டு உட்கார்ந்திருப்பவர்கள்.

எழுபத்தாறாம் வருஷம் அவள் கணவர் சுப்பராயலுவுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. பட்டு நெய்வது குழித்தறியில். தரையில் வெட்டிய குழிக்குள் காலைத் தொங்கவிட்டு, விளிம்பில் உட்கார்ந்து, கீழே இருக்கும் மிதிகட்டைகளை மாற்றி மாற்றி மிதிக்க வேண்டும். இருபது வருஷம் மிதித்த இடுப்பு ஒரு நாள் இனி முடியாது என்றுவிட்டது. ஊர் வழக்கப்படி தறியில் உட்காருவது ஆண். ராட்டையில் தாருக்குச்சிக்கு நூல் சுற்றுவதும், தறியில் நீளவாட்டில் ஓடும் பாவு நூலுக்குக் கஞ்சி போடுவதும், அறுந்த இழையைத் தேடிப் பிணைப்பதும் பெண். வேலையில் பாதி பெண்ணுடையது, நெசவாளி என்ற பெயர் மட்டும் ஆணுடையது. செல்லியம்மாள் ஒரு வாரம் பொறுத்துப் பார்த்தாள். பிறகு கணவரை ராட்டைக்கு அனுப்பிவிட்டுத் தான் குழியில் காலை இறக்கினாள்.

வானம் இடிந்து விழவில்லை. புடவை நன்றாகவே வந்தது. முதலாளியிடமிருந்து பாவு கொண்டுவந்து கொடுத்து, நெய்ததை வாங்கிப்போகும் மேஸ்திரி தசரதன் முதல் புடவையை விரித்துப் பார்த்துவிட்டு, "இடுப்பு வலியோட நல்லாத்தான் நெய்யிற சுப்பராயலு" என்றார். நெய்தது யார் என்று அவருக்குத் தெரியும். தெரியாததுபோல் இருப்பது அவருக்கு வசதி.

தெருவுக்குத்தான் பொறுக்கவில்லை. தறிக்குழி சாமி இருக்கிற இடமாம். தொட்டுக் கும்பிட்ட பிறகுதான் காலை இறக்க வேண்டுமாம். வீட்டுக்கு விலக்கான பெண்ணின் நிழல்கூட அதன்மேல் விழக்கூடாதாம். ஆகவே மாதத்தில் மூன்று நாள் அந்த வீட்டுத் தறிச் சத்தம் நின்றாக வேண்டும் என்று தெரு காத்திருந்தது. நின்றால் எல்லோருக்கும் தெரிந்துவிடும். நிற்காவிட்டால் எல்லோரும் கேட்பார்கள். ஒரு பெண்ணின் உடம்பைத் தறிச் சத்தத்தை வைத்து வேவு பார்ப்பதற்குப் பெயர் ஆசாரம். செல்லியம்மாள் ஒரு நாளும் தறியை நிறுத்தவில்லை.

எதிர்வீட்டு அபிதகுசாம்பாள் ஒருமுறை வாசலில் நின்று கேட்டேவிட்டாள்: "ஏண்டி செல்லி, ஒனக்கு மாசமே வர்றதில்லயா?"

"வருதுக்கா. வந்து வாடகை கேட்டுட்டுப் போவுது."

அந்த வீட்டுக்குப் பூனை வந்தது எலிக்காக. பாவுக்குப் போடும் கஞ்சி வாசனைக்கு எலி வரும். ஓர் இடத்தில் கடித்து வைத்தால் ஒரு வாரத்து வேலை போய்விடும். சேவூரில் உறவுக்காரர் வீட்டில் குட்டி இருப்பதாகத் தெரிந்தது. செல்லியம்மாள் போட்ட நிபந்தனை ஒன்றுதான்: கடுவனாக இருக்க வேண்டும். வருஷம் முழுக்கக் குட்டி போட்டுக்கொண்டிருக்கும் பெட்டையைப் பட்டு கிடக்கும் வீட்டில் வைத்துக்கொள்ள முடியாது. அப்போது இடுப்பு கொஞ்சம் தேறியிருந்த சுப்பராயலு டவுன் பஸ் ஏறிப் போனார். குட்டியின் வாலைத் தூக்கிப் பார்த்தார். கடுவன்தான் என்று தீர்ப்புச் சொல்லி, துணிப்பைக்குள் போட்டுக்கொண்டு வந்து சேர்ந்தார்.

வெள்ளை உடம்பில் கறுப்பும் செம்பட்டையும் திட்டுத் திட்டாக இருந்த பூனை. இந்த மூன்று நிறமும் ஒன்றாக இருந்தால் அது அநேகமாகப் பெட்டையாகத்தான் இருக்கும் என்று விலங்கியல் படித்தவர்கள் சொல்வார்கள். சுப்பராயலு விலங்கியல் படித்தவரல்ல, வாலைத் தூக்கிப் பார்த்தவர். ஓர் ஆண்பிள்ளை வீட்டுக்கு வந்துவிட்ட பூரிப்பில் அதற்குச் சக்கரவர்த்தி என்று பெயரும் வைத்தார்.

சக்கரவர்த்தி எலி பிடித்தது. பிறகு பருத்தது. "எலி தின்னே எப்டி ஆயிட்டான் பாத்தியா" என்று அவர் ராட்டையைச் சுற்றியபடியே மெச்சிக்கொண்டார். செல்லியம்மாள் ஒரு தடவை நிமிர்ந்து பார்த்திருந்தால் விஷயம் விளங்கியிருக்கும். அவளுக்கு நிமிர நேரமில்லை.

எழுபத்தெட்டு ஆவணியில், முகூர்த்தப் புடவைகளுக்கு எல்லாத் தறிகளும் பறந்துகொண்டிருந்த சமயம். அவள் தறியில் ரோஸ் நிறத்தில் ஒரு நிச்சயதார்த்தப் புடவை, பாதிக்கு மேல் நெய்தாகிவிட்டது. ஒரு நாள் காலை மிதித்த இடது கட்டை கீழே போகவில்லை. அழுத்தினாள். கீழேயிருந்து ஒரு சீறல். குனிந்து பார்த்தால், குழியின் மூலையில் கிடந்த நூல் கழிவின்மேல் சக்கரவர்த்தி படுத்திருந்தது. பக்கத்தில் ஈரமாக ஒரு குட்டி. இன்னொன்று வந்துகொண்டிருந்தது.

"இங்க வாங்க" என்று கூப்பிட்டாள். சுப்பராயலு சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தார்.

"ஒங்க சக்கரவர்த்திக்குப் பிரசவம் ஆவுது."

அவர் எட்டிப் பார்த்தார். "அது எப்டி? நாந்தான் பாத்தனே?"

"இன்னாத்தப் பாத்தீங்க?"

"எல்லாம் இருந்திச்சே."

"இருந்துச்சி. இப்ப வெளிய வந்துகினு கீது, நல்லா பாருங்க."

அவள் இறங்கினாள். வேறு யார் இறங்குவது? மிதிகட்டையை ஒருக்களித்துக் கயிற்றால் தூக்கிக் கட்டினாள், குட்டிகள்மேல் விழாமலிருக்க. பழைய புடவை ஒன்றைக் கிழித்து மடித்து உள்ளே செருகினாள். மூன்றாவதாக வந்த குட்டி அசையவில்லை. பூனை அதை ஒரு தடவை நக்கிவிட்டுத் திரும்பிக்கொண்டது. செல்லியம்மாள் அதை எடுத்து மூக்கையும் வாயையும் துடைத்து, முதுகைத் துணியால் பரபரவென்று தேய்த்தாள். "மூச்சு வுடு. வுடுன்றனில்ல? எனக்கு ஆயிரம் வேல கெடக்குது, ஒன்னோட ஒரு பேஜாரு." குட்டி வெடுக்கென்று ஒரு மூச்சு இழுத்து, எலி மாதிரிக் கத்தியது. "கத்துறத மட்டும் சொல்லாமயே கத்துக்குங்க" என்று அதைத் தாயின் மடியில் வைத்தாள்.

நான்காவதும் வந்து எல்லாம் ஓய்ந்த பிறகு, குட்டிகள் நான்கையும் முறத்தில் எடுத்து அடுப்பங்கரை மூலையில் வைத்தாள். பாலும் சோறும் கரைத்து வைத்தாள். பூனை பாலைக் குடித்தது. பிறகு ஒரு குட்டியின் கழுத்தைக் கவ்விக்கொண்டு நேராகத் தறியை நோக்கி நடந்தது. பாவின்மேல் ஏறிவிட்டால் நகம் பட்டு இழை இழையாகக் கிளம்பிவிடும். செல்லியம்மாள் பாய்ந்து தடுத்தாள். அது சுற்றிக்கொண்டு வேறு பக்கமாகக் குழிக்குள் இறங்கியது. இவள் எடுத்து வந்தாள். அது கொண்டுபோனது. மறுபடி இவள். மறுபடி அது. கடைசியில் அவள் முறத்தைத் தூக்கி எறிந்துவிட்டு உட்கார்ந்தாள்.

இதற்குள் தறிச் சத்தம் நின்று வெகுநேரம் ஆகியிருந்தது. தெரு இரண்டு வருஷமாகக் காத்திருந்த மௌனம். அபிதகுசாம்பாள் வந்துவிட்டாள்.

"இன்னாடி, ஒருவழியா தறி நின்னுச்சா? அதானா?"

"பூன குட்டி போட்டுட்ச்சிங்க, தறிக்குழியில" என்றார் சுப்பராயலு, மனைவி முறைப்பதற்கு முன்பே.

"அய்யய்யோ! குழியில பிரசவமா? பத்து நாளு தீட்டாச்சே!"

"யாருக்குக்கா தீட்டு? பூனயோட பங்காளிங்களுக்கா?" என்றாள் செல்லியம்மாள்.

கேலி எடுபடவில்லை. பிற்பகலில் மேஸ்திரி தசரதன் சைக்கிளைச் சாத்திவிட்டு உள்ளே வந்தார். செல்லியம்மாள் எதிரில் நிற்க, அவர் அவள் கணவரிடம் பேசினார்.

"நிச்சயதார்த்தப் பொடவ சுப்பராயலு. தீட்டு பட்ட தறியில நெய்ஞ்சதுன்னு தெரிஞ்சா மொதலாளி கையால தொடமாட்டாரு. நாளைக்குக் காலையில ஐயர இட்டாரேன். மஞ்சத்தண்ணி தெளிச்சிடுவோம். மீதிய நம்ம கந்தசாமி வந்து ஒக்காந்து முடிச்சிடட்டும்."

"அதுக்கு அப்புறம்?" என்றாள் செல்லியம்மாள்.

மேஸ்திரி சுப்பராயலுவையே பார்த்துச் சொன்னார்: "அடுத்த பாவு ஆம்பள ஒக்கார்ற வீடா பாத்துத்தான் குடுக்கணும். பொம்பள குழியில எறங்கி எறங்கித்தான் இப்டி ஆச்சின்னு தெருவுல பேசிக்கினு கீறாங்க. நான் இன்னா பண்றது?"

அவர் ஒன்றும் பண்ண வேண்டியதில்லை. பண்ணிவிட்டார். ஆரணியில் ஒரு பெண்ணை நம்பி வேறெந்த முதலாளியும் பாவு தரப்போவதில்லை. பாவு இல்லாத வீட்டில் தறி வெறும் மரம். செல்லியம்மாள் அடுத்த வீட்டு ராட்டைக்குக் கூலிக்குப் போவாள். அதில் நாலு வயிறு நிரம்பாது. பெண்கள் இரண்டும் பள்ளிக்கூடத்தை விட்டு அவள் பக்கத்தில் வந்து உட்காரும். ஒரு பூனை தன் குட்டிகளுக்கு இருட்டான இடம் தேடியதற்கு இவ்வளவு தண்டனை, அதுவும் பூனைக்கல்ல.

மறுநாள் காலை புரோகிதர் வந்தார். பித்தளைச் சொம்பில் கெட்டியாகக் கரைத்த மஞ்சள் தண்ணீர், ஒரு கொத்து மாவிலை. கந்தசாமி வேட்டியை மடித்துக் கட்டித் தயாராக நின்றான். அபிதகுசாம்பாள் வாசற்படியிலேயே இடம் பிடித்துவிட்டாள். அவள் பின்னால் தெரு. செல்லியம்மாள் தறியருகே நின்றாள். சொம்பைப் பார்த்தாள். ரோஸ் பட்டைப் பார்த்தாள். பிறகு ரொம்பப் பணிவாகக் கேட்டாள்:

"எங்கெங்க சாமி தெளிக்கணும்?"

"தறி முழுக்க."

"பாவு மேலயும் தெளிச்சிடுங்க சாமி. அதுவும் தறியிலதான கீது."

"தீட்டு எல்லாத்துக்கும்தானே" என்றார் அவர். "விட்டுவிட்டுத் தெளித்தால் பலன் இல்லை."

"அதான் நானும் சொல்றேன். தாராளமா தெளிங்க."

புரோகிதர் மாவிலையைச் சொம்பில் முக்கித் தூக்கினார். மஞ்சள் சொட்டியது. தசரதனுக்கு அப்போதுதான் உறைத்தது.

"சாமி! சாமி! இருங்க! நூலு மேல படக்கூடாது!"

"ஏன்?"

"மஞ்ச சாமி! ஒரு சொட்டு பட்டா போச்சி. ரோஸு கலரு. மொதலாளி என்ன உயிரோட வுடமாட்டாரு."

"அப்ப நூலுக்குத் தீட்டு இல்லியா மேஸ்திரி?" என்றாள் செல்லியம்மாள்.

"பட்டுக்கு ஏதும்மா தீட்டு? பட்டுக்குத் தீட்டே கெடையாது."

"சரி. நூலு பூந்து வர்ற அச்சுக்கு?"

"கம்பிம்மா அது. தண்ணி பட்டா துரு புடிக்கும்."

"அதுக்கும் கெடையாது. குழிக்கு?"

புரோகிதர் குழிக்குள் எட்டிப் பார்த்தார். உள்ளேயிருந்து வந்த உறுமலில் இரண்டடி பின்வாங்கினார். "பால் கொடுத்துக்கொண்டிருக்கிறது. சீண்ட வேண்டாம், பாவம்" என்றார். "எனக்கு இன்னும் ரெண்டு வீடு இருக்கு. வாசலில் தெளித்துவிட்டுப் போகிறேன்." கையில் ஏற்கெனவே நனைந்திருந்த மாவிலையை வாசல் பக்கம் உதறினார். அன்று அந்த வீட்டில் விழுந்த புனித நீர் அத்தனையும் அபிதகுசாம்பாளின் முகத்தில் விழுந்தது.

செல்லியம்மாளின் பணிவு அதோடு முடிந்தது.

"பட்டுக்குத் தீட்டு இல்ல. அச்சுக்கு இல்ல. குழிக்கு இல்ல. பெத்ததுக்கே இல்ல. அப்ப மேல ஒக்காந்து நெய்யிற எனக்கு மட்டும் எங்கேர்ந்து மேஸ்திரி வந்துச்சி?"

"அது வந்தும்மா..."

"வேணாம். பாவ அறுத்து எடுத்துகினு போங்க. போய், தீட்டு பட்ட பாவுன்னு மொதலாளி கிட்ட நீங்களே சொல்லுங்க. இல்ல, தீட்டு இல்லன்னா நான் ஒக்கார்றேன். ரெண்டுல ஒண்ணு ஜல்தி சொல்லுங்க. பூனைக்கே நேத்து முழுநாளு போயிடுச்சி."

தசரதன் வழக்கம்போல் சுப்பராயலுவின் பக்கம் திரும்பினார். அங்கேதான் அவருக்கு எப்போதும் வழி கிடைக்கும். சுப்பராயலு ராட்டையிலிருந்து எழ முயன்று, முடியாமல் உட்கார்ந்தபடியே சொன்னார்:

"என்ன இன்னாத்துக்குப் பாக்குறீங்க? ரெண்டு வருசமா அவதான் நெய்யிறா. நான் தாரு சுத்துறவன்."

எல்லோருக்கும் தெரிந்த விஷயம். ஆனால் தெருவின் முன்னால் வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை. இனி தெரியாததுபோல் இருக்க மேஸ்திரிக்கு இடமில்லை. நெய்து முடித்த பாதியில் அவள் கை பட்டிருக்கிறது. அது தீட்டு என்றால் அவர் இதுவரை முதலாளி வீட்டுக்குச் சுமந்த அத்தனை புடவையும் தீட்டு. கந்தசாமி மடித்துக் கட்டிய வேட்டியை அவிழ்த்துவிட்டுக்கொண்டான்.

"நெய்யிம்மா" என்றார் தசரதன், முதல் தடவையாக அவளைப் பார்த்து.

"அடுத்த பாவு?"

"இத மொதல்ல முடி."

"அடுத்த பாவு, மேஸ்திரி."

"கொண்டாறேன், கொண்டாறேன்."

நியாயம் ஜெயித்தது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவள் உழைப்புக்கு இறங்காத மனம், பெண்களின் படிப்புக்கு இறங்காத மனம், பட்டில் கறை படியும் என்றதும் இறங்கியது. இந்த ஊரில் நியாயம் அந்த வழியாகத்தான் உள்ளே வருகிறது என்றால், வந்த மட்டும் பிடித்து நிறுத்திக்கொள்ள ஒரு செல்லியம்மாள் வேண்டியிருக்கிறது.

அவள் ஒரு பலகையைக் கொண்டுவந்து குழிக்குள் குறுக்கே நிறுத்தினாள், பூனை அந்தப் பக்கம், மிதிகட்டை இந்தப் பக்கமாக. தூக்கிக் கட்டியிருந்த கயிற்றை அவிழ்த்தாள். இடது காலை மடக்கித்தான் மிதிக்க முடிந்தது. மிதித்ததும் பூனை உறுமியது. "ஒனக்கு இருக்கிற திமிரு எனக்கு இருந்தா நான் எப்பவோ உருப்பட்டிருப்பேன், சும்மா கெட" என்று அதட்டிவிட்டு, குறுக்கு நூல் ஓட்டும் நாடாவை எடுத்தாள்.

வாசல்வரை போன தசரதன் திரும்பி வந்தார். ஜன்னலுக்கு முன்னால் நின்றுகொண்டு, தாழ்ந்த குரலில், "ஏம்மா, யாருனா கேட்டா, ஐயரு வந்து எல்லாம் தெளிச்சிட்டாருன்னு ஒரு வார்த்த சொல்லிடு, இன்னா?" என்றார்.

"தள்ளி நில்லுங்க மேஸ்திரி" என்றாள் செல்லியம்மாள். "வெளிச்சம் மறைக்குது."