இலை ஓரத்தில் வைத்த மஞ்சள் வளையம்

எங்கள் வீட்டுப் பூஜை அறையில், குங்குமச் சிமிழுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன மஞ்சள் வளையம் இருக்கிறது. பிளாஸ்டிக்தான். சுண்டுவிரல் நுனிகூட அதற்குள் நுழையாது. அதிலிருந்து கொடி மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும் துண்டில் கறுப்பாக ஓர் இங்கிலீஷ் எழுத்தும் ஓர் எண்ணும். மருமகள் வந்த புதிதில் பேனாவிலிருந்து கழன்ற துண்டு என்று நினைத்துக் குப்பையில் போடப் போனாள். பதறிப்போய் வாங்கி வைத்தேன். ஏன் என்று கேட்டதற்கு ஒழுங்காகப் பதில் சொல்லவில்லை. அவளுக்கு மட்டுமில்லை, யாருக்குமே சொன்னதில்லை. எழுதிவிடலாம் என்று எத்தனையோ வருஷமாக உட்காருவேன். ஒருவருடைய முகம் வந்து நிற்கும். எழுந்து போய்விடுவேன். அவர் இருக்கிறவரை இது அவர் காதுக்குப் போகக் கூடாது என்பது எங்கள் பேச்சு. போன ஐப்பசியில் அவர் காலமாகிவிட்டார். நான் பத்தாவது தாண்டாதவள். கோர்வையாக வராது. தெரிந்த மாதிரி சொல்கிறேன்.

ராமநாதபுரத்தில் எங்கள் பக்கத்து வீட்டில் இருந்தவரை நான் லாத்தா என்றுதான் கூப்பிடுவேன், முஸ்லிம் வீடுகளில் அக்காவை அப்படித்தான் சொல்வார்கள். பெரியபட்டினத்தில் பிறந்து இங்கே வாழ வந்தவர். வீட்டுக்காரர் அரபு நாட்டில் வேலை. ஒரு தடவை ஊருக்கு வந்தபோது, அங்கே யாரோ விற்றார்கள் என்று ஒரு பைனாகுலர் வாங்கி வந்தார். பிள்ளைகள் விளையாடிவிட்டுப் போட்டுவிட்டார்கள். லாத்தா அதை எடுத்து மொட்டை மாடியிலிருந்து பார்க்க ஆரம்பித்தார். முதலில் மைனா, கிளி, மின்கம்பி மேல் உட்கார்ந்திருக்கும் கரிச்சான். பிறகு என்னையும் இழுத்துக்கொண்டு சக்கரக்கோட்டைக் கண்மாய்க்கு. மழை முடிந்து கண்மாய் நிறைந்திருக்கும் காலத்தில் கருவேல மரமெல்லாம் வெள்ளைத் துணி காயப்போட்ட மாதிரி கொக்கும் நாரையும் உட்கார்ந்திருக்கும். "இத்தனை வருசம் இந்தக் கண்மாயத் தாண்டி சினிமாவுக்குப் போயிருக்கோமே தங்கச்சி, ஒரு நாளாவது திரும்பிப் பாத்தோமா?" என்று லாத்தா கேட்டபோது எனக்கு வெட்கமாக இருந்தது.

அப்புறம் ஒவ்வொரு பனிக்காலமும் ஞாயிற்றுக்கிழமை வந்தால் எங்களை வீட்டில் பிடிக்க முடியாது. தொண்டி பஸ்ஸில் ஏறுவோம். லாத்தாவின் பையில் பைனாகுலர், என் பையில் தேங்காய், சூடம். உப்பூரில் இறங்கி நான் பிள்ளையாரைக் கும்பிட்டுவிட்டு வரும்வரை அவர் வெளியே வேப்பமரத்தடியில் நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருப்பார். பிறகு அடுத்த பஸ். கண்டக்டர் எங்களைப் பார்த்தாலே, "என்னக்கா, இன்னைக்குக் குருவிக்கு லீவு இல்லியா?" என்பார். "ஒங்களுக்கே லீவு இல்ல, குருவிக்கு எங்க?" என்பார் லாத்தா. என் வீட்டுக்காரர் பாத்திரக் கடையில் வருகிறவர் போகிறவரிடமெல்லாம், எம் பொண்டாட்டி கொக்கு எண்ணப் போயிருக்கா என்று சொல்லிச் சிரிப்பாராம். சிரிக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

நாங்கள் போகிற கடற்கரைக் கிராமத்தின் பெயரைச் சொல்லப் போவதில்லை. கடல் வாங்கியிருக்கும் நேரத்தில் கண்ணுக்கெட்டிய தூரம் சேறு பளபளவென்று கிடக்கும். அதில் உள்ளான் என்கிற சின்னக் கரைப்பறவைகள் கூட்டம் கூட்டமாக ஓடி ஓடிக் கொத்தும். எங்கெங்கோ பனி பெய்கிற நாடுகளிலிருந்து வருகிறவை. கரையை ஒட்டி ஒரு தென்னந்தோப்பு. தோப்புக்காரர் எங்களை முதல் தடவை பார்த்தபோதே யார் எவர் என்று கேட்கும் முன் இளநீர் வெட்டிக் கொடுத்தவர். நாங்கள் அண்ணன் என்போம், அவர் எங்களைத் தாயி என்பார். அவருடைய அய்யா காலத்தில் பெரிய பெரிய ஆபீசர்கள் ஜீப்பில் விடியக்காலையில் வந்து, தூரக்கண்ணாடி வைத்துப் பார்த்து, துப்பாக்கியால் உள்ளான் சுடுவார்களாம். அய்யாதான் அவர்களுக்கு வழிகாட்டுவாராம். அந்தக் கதையைப் பெருமையாகச் சொல்வார். நாங்கள் கேட்டுக்கொண்டிருந்தோம். அந்தக் கதைக்குள் என்ன இருந்தது என்று அப்போது இரண்டு பேருக்கும் உறைக்கவில்லை.

அந்தச் சேற்றில்தான் லாத்தா அவளைக் கண்டுபிடித்தார். ஒரு காலில் மஞ்சள் வளையம் போட்ட உள்ளான். "வளையல் போட்டிருக்காடி" என்று பைனாகுலரை என்னிடம் கொடுத்தார். அன்றிலிருந்து அவளுக்கு வளையல்காரி என்று பெயர். வளையத்தில் உள்ள எழுத்தை லாத்தா குறித்துக்கொண்டு, வனத்துறையில் வேலை பார்த்த தெரிந்தவர் ஒருவர் மூலமாக விசாரித்தார். பதில் வர மாதக்கணக்காயிற்று. பறவை எங்கெங்கே போகிறது என்று கண்டுபிடிக்க அந்த வளையத்தைப் போட்டது ஓர் அரபு நாட்டுக் கடற்கரையில். லாத்தாவின் வீட்டுக்காரர் வேலை பார்க்கிற அதே நாடு.

அந்தச் சமயம் அவருக்கு அங்கே கம்பெனியில் ஏதோ வழக்கு. பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொண்டு விடவில்லை. மகள் கல்யாணத்துக்கே அவரால் வர முடியவில்லை. அழுது யாரும் பார்க்காத லாத்தா, அந்தப் பதில் வந்த அன்று என் அடுப்படியில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டே அழுதார். "அவரால வர ஏலல. அந்தக் கையகல உசுரு வருது பாரு" என்றார். அடுத்த பனிக்காலமும் வளையல்காரி வந்தாள். போனில் வீட்டுக்காரரிடம் முதல் சேதியாக அதைத்தான் சொன்னார். அவரும் ஒவ்வொரு போனிலும் அதைக் கேட்க ஆரம்பித்தார். நான் சாமியிடம் சகுனம் கேட்கிறவள், எனக்குப் புரிந்தது. அந்தப் பறவை வருகிறவரை மனிதரும் ஒரு நாள் வந்துவிடுவார் என்று லாத்தா மனசுக்குள் முடிச்சுப் போட்டுக்கொண்டார்.

அதற்கு அடுத்த வருஷம் மார்கழி பிறந்தும் அவளைக் காணோம். போய்ப் போய்ப் பார்த்துத் திரும்பினோம். தோப்புக்கார அண்ணன் யாரைத் தேடுறீக என்று கேட்டார். மஞ்சள் வளையம் போட்ட ஒன்று என்று லாத்தா விவரமாகச் சொல்லி, கண்ணில் பட்டால் ஒரு போன் பண்ணுங்கண்ணே என்று நம்பரும் கொடுத்தார். அவர் லாத்தாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, நான் பாத்துக்கிறேன் தாயி என்றார்.

சொன்ன மாதிரியே போன் வந்தது. நீங்க தேடுன ஆளு வந்தாச்சு, ஞாயித்துக்கெழமை வாங்க, மத்தியானச் சாப்பாடு நம்ம வீட்டுலதான் என்றார். அந்த வாரம் முழுக்க லாத்தாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. வீட்டுக்காரருக்கும் போன் போட்டுச் சொல்லியாயிற்று. ஞாயிற்றுக்கிழமை போய் இறங்கியதும் நேரே சேற்றுப் பக்கம் போகப் பார்த்தோம். அண்ணன் மறித்து, அங்கன இப்ப எதுக்கு, முதல்ல சாப்புடுங்க என்று வீட்டுக்கு அழைத்துப் போய்விட்டார்.

வாழை இலை போட்டிருந்தது. எங்கள் வீட்டில் மார்கழி முழுக்கக் கவுச்சி கிடையாது என்பது அவர்களுக்குத் தெரியும். அண்ணனின் மனைவி, எங்களுக்கு மதினி, எனக்கென்று தனி அடுப்பில், தனிச் சட்டியில் கத்தரிக்காய்ச் சாம்பார் வைத்திருந்தார். லாத்தாவின் இலையில் குழம்பு. குழம்பில் கிடந்த எலும்பு கோழி எலும்பு இல்லை. லாத்தாவின் கை இலைக்கு மேலே அப்படியே நின்றது.

அண்ணன் பக்கத்தில் வந்து குனிந்து, ஒரு சின்னத் தட்டிலிருந்து தனியாக வறுத்த ஒன்றை இலையில் வைத்தார். குழந்தையின் உள்ளங்கை அளவுதான் இருந்தது. பிறகு இடுப்பு மடியை அவிழ்த்து, கழுவித் துடைத்த மஞ்சள் வளையத்தை எடுத்து இலை ஓரத்தில் வைத்தார்.

"வருசா வருசம் வந்து பாத்துட்டு வெறுங்கையோட போறீக. ஒங்ககிட்டத் துப்பாக்கியா இருக்கு? கண்ணி வைக்கிற பயலுகட்ட நாந்தான் சொல்லி வச்சேன், மஞ்ச வளையம் மாட்டுனா வெளிய குடுக்கக் கூடாது, அது நம்ம தாயிக்குன்னு." அவர் முகம் பூரித்திருந்தது. "யோசிக்காமச் சாப்புடுங்க. உசுரோட அடுத்த ஊருப் பள்ளிவாசலுக்குக் கொண்டுபோயி, பாங்கு சொல்ற மோதினாரு கையால அறுத்து வாங்கியாந்தேன். ஒங்களுக்கு ஆகாததச் செய்வனா நானு?"

எனக்குக் காது அடைத்துவிட்டது. மதினி என்னிடம் ஏதோ கேட்டது வாயசைவாகத்தான் தெரிந்தது. கத்த வேண்டும் போல இருந்தது. யாரைப் பார்த்துக் கத்துவது? அந்த மனிதர் ஒரு பறவைக்காக அடுத்த ஊர் வரை நடந்திருக்கிறார். என் விரதத்துக்குத் தனிச் சட்டி, லாத்தாவின் மார்க்கத்துக்கு மோதினார் கை. வேண்டாம் என்று சொல்ல ஒரு காரணம்கூட மிச்சமில்லாமல் அன்பாலேயே அடைத்து வைத்திருந்தார். பிள்ளையாரப்பா, இது என்ன சோதனை என்று நினைத்ததுதான் ஞாபகம் இருக்கிறது.

லாத்தா வளையத்தை எடுத்தார். வெளிச்சத்தில் பிடித்து எழுத்தைப் பார்த்தார். முந்தானையில் முடிந்துகொண்டார். பிறகு வாய்க்குள் பிஸ்மில்லா சொல்லிவிட்டுச் சாப்பிட ஆரம்பித்தார். அவசரப்படவில்லை. ஓர் எலும்பைக்கூட வீணாக்கவில்லை. மதினி தண்ணீர் செம்பைக் கையில் பிடித்தபடி நின்று பார்த்துக்கொண்டே இருந்தார். சாப்பிட்டு முடிந்ததும் லாத்தா இலையை மடக்கிவிட்டு, நல்லா இருந்துச்சுண்ணே என்றார். குரல் நடுங்கவில்லை. அதுதான் என்னை இன்றைக்கும் உலுக்குகிறது.

கிளம்பும்போது அண்ணன் வாசல்வரை வந்து, அடுத்த வருசமும் பிடிச்சு வைக்கச் சொல்லவா தாயி என்று கேட்டார். லாத்தா செருப்பு மாட்டப் போன காலை அப்படியே நிறுத்தினார்.

"அண்ணே, ஒங்ககிட்டச் சொல்லாம விட்டுட்டேன். எங்க வீட்டுக்காரரு நல்லபடியா ஊரு வந்து சேரணும்னு ஒரு நேர்ச்சை இருக்கு. இனிமே இந்தக் கரையில ஒரு உள்ளானையும் யாரும் பிடிக்கக் கூடாது. பிடிக்கவிடாமப் பாத்துக்கிறது ஒங்க பொறுப்பு."

நேர்த்திக்கடன் என்றால் எங்கள் பக்கத்தில் மறு பேச்சு கிடையாது. அது எந்தச் சாமிக்கு, எந்தத் தர்கா அவுலியாவுக்கு என்றுகூட யாரும் கேட்க மாட்டார்கள். அண்ணன் தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, அம்புட்டுத்தானே தாயி என்றார்.

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த லாத்தாவிடம், எப்படி லாத்தா உங்களால் முடிந்தது என்று கேட்டேன். தேவிபட்டினம் தாண்டுகிறவரை முந்தானை முடிச்சையே நெருடிக்கொண்டிருந்தார். பிறகு, "எம் பேரச் சொல்லி அறுத்தது. நான் கேட்டுக் கேட்டுத்தான் அது கண்ணியில விழுந்துச்சு. நானும் திங்காம எந்திரிச்சா, அது எதுக்குச் செத்துச்சு தங்கச்சி?" என்றார். நேர்ச்சை நிஜமா என்று கேட்டேன். வாசலில் வாயில் வந்ததுதான், சொன்ன பிறகு மனசார நேர்ந்துகொண்டேன் என்றார். வீட்டு வாசலுக்கு வந்ததும் சாக்கடை ஓரம் உட்கார்ந்து குடல் வெளியே வருகிற மாதிரி வாந்தி எடுத்தார். நான் தலையைப் பிடித்துக்கொண்டேன். அந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது. வந்துச்சா என்று அவருடைய வீட்டுக்காரர் கேட்டது எனக்கே கேட்டது. "வந்துச்சுங்க" என்றார் லாத்தா.

தோப்புக்கார அண்ணன் வாக்குத் தவறவில்லை. கண்ணியோடு வந்தவர்களைக் கம்போடு விரட்டினார். அடுத்தடுத்த பனிக்காலத்தில் நாங்கள் போகும்போதெல்லாம், ஒன்னையும் தொடவிடல தாயி என்று கணக்கு ஒப்பிப்பார். லாத்தாவின் வீட்டுக்காரர் வழக்கு முடிந்து ஒரு வழியாக ஊர் வந்து சேர்ந்தார். சேதி சொல்லப் போனபோது அண்ணன் கண் கலங்கி, அந்த நேர்ச்சைதான் தாயி என்றார். அதற்கப்புறமும் கம்பைக் கீழே வைக்கவில்லை. பழகிப்போச்சு என்றார். லாத்தா மகனோடு சென்னைக்குப் போகும்போது வளையத்தை என் கையில் கொடுத்து, ஒங்க சாமிகிட்ட இருக்கட்டும் என்றார்.

இந்த மார்கழியில் அண்ணன் இல்லாத வீட்டுக்குத் துக்கம் கேட்கப் போனேன். மதினி என்னைக் கரைக்குக் கூட்டிப்போனார். உள்ளான்கள் இருந்தன. கொஞ்சம் தள்ளிப் புதுசாக நட்ட குச்சிகளும் இருந்தன, கண்ணி கட்டுகிற குச்சிகள். இரண்டு பேரும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றோம். மதினி திடீரென்று, "எனக்கு அன்னைக்கே தெரியும்" என்றார்.

என்ன தெரியும் என்று கேட்டேன்.

"சோறு போட்டவளுக்குத் தெரியாதா, திங்கிறவுக மொகம்? பெத்த பிள்ளையத் திங்கிற மாதிரி தின்னாக. எங்க வீட்டுக்காரருகிட்ட நான் சொல்லல. சொல்லியிருந்தா இந்த மனுசன் அப்பவே செத்திருப்பாரு." பிறகு குச்சிகளைக் காட்டி, "அந்த நேத்திக்கடன் இன்னும் இருக்கா, முடிஞ்சுபோச்சா?" என்று கேட்டார்.

"இருக்கு மதினி" என்றேன். மதினி சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு சேற்றில் இறங்கினார். நானும் இறங்கினேன். குச்சிகளைப் பிடுங்கிக் கரையில் குவித்தோம்.

அன்று ராத்திரி லாத்தாவுக்குப் போன் பண்ணினேன். மதினி சொன்னதைச் சொல்லி, இதை எழுதட்டுமா என்று கேட்டேன். எழுது, ஆனா அண்ணனக் கெட்டவராக்கிராத என்றார். அதனால்தான் எழுதிவிட்டேன். படிக்கிறவர்களிடம் கேட்டுக்கொள்வது ஒன்றுதான். இதை நாலு பேருக்குச் சொல்லுங்கள், ஆனால் நடந்தபடியே சொல்லுங்கள். அவரைக் கொடுமைக்காரர் ஆக்காதீர்கள், லாத்தாவை அவுலியா ஆக்காதீர்கள். தனிச் சட்டியையும் மோதினாரையும் விட்டுவிடாதீர்கள். அதை விட்டுவிட்டால் இது வேறு கதையாகிவிடும்.

இன்று காலையில் விளக்கேற்றும்போது மருமகளைக் கூப்பிட்டு வளையத்தை அவள் உள்ளங்கையில் வைத்தேன். இவ்வளவு லேசாக இருக்கிறதே அத்தை என்றாள். ஆமாம் என்று சொல்லி, வாங்கி, குங்குமச் சிமிழுக்குப் பக்கத்தில் வைத்தேன்.