கேட்டு வந்த பங்கு

பிரஷர்காரரின் இரத்தத்தைச் சோதித்து, அவர்களின் இரத்தக் குழாய்கள் எவ்வளவு விறைத்துப்போயிருக்கின்றன என்று பார்க்கும் ஆய்வுக்காகத் தோட்டவெளிக் கிராமத்துக்குப் போயிருந்தேன். கரைவலை இழுக்கும் ஒருவர் வந்தார். உப்பில் வெளிறிய புருவங்கள். பேசுமுன் மணலைத் தட்டுவதுபோல் கைகளைத் தட்டிக்கொள்வார்.

இரத்தம் எடுக்கக் கையை நீட்டச் சொன்னேன். அவர் நீட்டவில்லை.

“போன வருசமும் உங்கட ஆக்கள்தான் எடுத்தவை. என்ன கண்டுபிடிச்சவை?”

“அது ஆராய்ச்சிக்கு ஐயா. தனித்தனியாச் சொல்லுறேல்லை.”

கைகளைத் தட்டினார். குரல் உயர்ந்தது.

“வழியால போறவன் எங்கட வலையில ஒரு கை பிடிச்சாலும் பங்கு மீன் குடுத்துத்தான் அனுப்புவம். என்ர மனுசி உங்களுக்கு இரத்தமே குடுத்தவள். அவளின்ர பங்கு எங்க? இரத்தம் குடுத்துக் கொஞ்ச நாளில பாரிசவாதம் வந்து, ஒரு பக்கம் இழுத்து விழுந்தாள். இப்ப வாய் திறந்து ஒரு சொல்லுச் சொல்லேலாது.”

மாலையில் எங்கள் ஆய்வுக் குழுத் தலைவரிடம் அந்தப் பெண்ணைப் பற்றிக் கேட்டேன்.

“ஓம், அவவின்ர இரத்தச் சோதனை முடிவு மோசமாத்தான் இருந்தது. ஆளாளுக்குச் சொல்லுறது எங்கட வேலை இல்லையே” என்றார், தேநீரை உறிஞ்சியபடி.

அந்தக் கரைவலைக்காரரை நினைத்தால் இன்றும் எனக்கு எங்கள் குழுவின்மேல் ஆத்திரம் பற்றிக்கொண்டு வருகிறது. அவர் மனைவியின் இரத்தம் எல்லாவற்றையும் சொல்லியிருந்தது. வாய் திறக்க முடிந்தவர்கள்தான் திறக்கவில்லை.