தூரத்துச் சொந்தம்

அம்ப்ரோஸ் பிறந்தபோது அவனுடைய அம்மாவுக்கும் அப்பாவுக்கும் கல்யாணம் ஆகியிருக்கவில்லை. பிரான்சில் சண்டை, அப்பாவுக்கு லீவு கிடைக்கவில்லை. ஒருவழியாக வந்து ரொட்டிக்கடைக்காரர் மகள் ஹெஸ்டருக்கு மோதிரம் போட்டபோது பிள்ளைக்கு மூன்று மாதம். வேறு வீடாக இருந்தால் ஊர் நாலு நாள் பேசிவிட்டு மறந்திருக்கும். இது விதர்கோம்ப் பிரபு வீடு. என்றைக்கோ ஒரு ராஜா கொடுத்த பட்டம், எட்டுத் தலைமுறையாக அப்பனிடமிருந்து பிள்ளைக்கு வருவது. கல்யாணத்துக்குப் பின் பிறந்த பிள்ளைக்குத்தான் அது போகும். என்ன பாழாய்ப்போன சட்டமோ!

அடுத்துப் பிறந்த பியர்ஸ், அப்பா காலத்துக்குப் பின் லார்டு ஆனான். மூத்தவன் பக்கத்து டவுன் லட்லோவுக்குப் பஸ் ஓட்டினான். ஆனால் தம்பிக்கு அண்ணன் என்றால் உயிர். சும்மாவாவது அந்த பஸ்ஸில் ஏறி முன்னால் உட்கார்ந்துகொள்வான்.

"என்ன மை லார்டு, கார் பஞ்சரா?"

"நீதாண்ணே லார்டு. உன் நாற்காலில நான் உக்காந்திருக்கேன்."

அம்ப்ரோஸுக்குப் பட்டத்தின் மேல் ஆசையே இல்லை. வெளியாள் யாராவது, "அந்த வீட்டுக்கு நீங்க என்ன வேணும்?" என்று கேட்டால்தான் சங்கடம். அண்ணன் என்றால் அடுத்த கேள்வி அம்மாவிடம் போய் நிற்குமே. "தூரத்துச் சொந்தம்" என்று சொல்லித் தப்பித்துக்கொள்வான்.

பியர்ஸ் கல்யாணம் செய்துகொள்ளாமலே மாரடைப்பில் போய்விட்டான். வேறு வாரிசு இல்லை. பட்டமும் அவனோடு முடிந்தது. தம்பியின் சவப்பெட்டிக்குப் பின்னால் நடக்க வேண்டும், அம்ப்ரோஸுக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான்.

சர்ச் வாசலில் ஊருக்குப் புதிதாக வந்த பாதிரியார் வரிசை நிறுத்திக்கொண்டிருந்தார். "நீங்க என்ன உறவு?"

"தூரத்துச் சொந்தம்." பழகிய வாய், முந்திக்கொண்டது.

"அப்ப கொஞ்சம் பின்னால போயிடுங்க."

பின்வரிசைக்குத் திரும்பினான். பெட்டியருகே நின்ற அம்மா ஹெஸ்டர் கறுப்பு முகத்திரையைத் தூக்கினாள்.

"யாரு தூரம்? நான் பெத்த மூத்தவன் ஐயா இவன். கல்யாணத்துக்கு முன்னாலயே பெத்தேன். போதுமா?"

அவள் மகனின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு பெட்டிக்குப் பின்னால் நடந்தாள்.

"எவ்வளவு காலமாடா இப்படிச் சொல்லிட்டிருக்கே?"

"பள்ளிக்கூடத்துல சேர்ந்ததிலேர்ந்தும்மா."

பெட்டியைக் குழிக்குள் இறக்கினார்கள். செத்த பிள்ளைக்கு அழ வந்தவள், பக்கத்தில் நின்ற பிள்ளையைக் கட்டிக்கொண்டு கதறினாள்.