டேப் சுற்றிய மோதிரம்

அந்தோணியின் போன் வந்தபோது என் முன்னால் ஒரு கறுப்புக் கார் உடம்பு முழுக்கச் சோப்பு நுரையோடு நின்றது. மணி ஒன்பதரை தாண்டியிருந்தது. ஸ்டெல்லா இன்னும் வரவில்லையே என்று வாய்க்குள் திட்டிக்கொண்டிருந்தேன். அந்தோணி அவள் கணவர். வேலை நேரத்தில் என்னை அழைக்கிறவர் அல்ல. "அண்ணே, ஸ்டெல்லா போயிட்டா" என்றார். கடைக்கு வருவதற்காக பஸ்ஸுக்கு நின்ற இடத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாளாம். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே எல்லாம் முடிந்துவிட்டது.

போனை வைத்துவிட்டு நான் உடனே புறப்படவில்லை. பிந்தி வந்தேன் என்று உங்களில் சிலர் குறைப்பட்டதால் அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. கறுப்பு வண்டியின் மேல் நுரை காய்ந்தால் திட்டுத் திட்டாகக் கறை பிடித்துவிடும். மேலிருந்து கீழாகத் தண்ணீர் ஊற்றி, பெரிய துவாலையை விரித்துப் போட்டு ஒற்றி எடுத்து, அதற்குப் பிறகுதான் ஷட்டரை இறக்கினேன். பாதியில் விட்டுவிட்டு வந்திருந்தால் அவள் எழுந்து உட்கார்ந்து என்னை ஏசியிருப்பாள்.

நான் தங்கராஜ். இரணியல் ஸ்டேஷன் ரோட்டில் கார் கழுவிப் பாலிஷ் போடும் சின்னக் கடை என்னுடையது. ஸ்டெல்லா அதில் எட்டு வருடம் என்னோடு வேலை செய்தாள். முப்பதாம் நாள் பூசை முடிந்ததும் நாலு வார்த்தை எழுதி வந்து வாசிக்க வேண்டும் என்று அந்தோணி கேட்டுக்கொண்டார். அவளைப் பற்றி நல்லது சொல்ல நிறைய இருக்கிறது. அதோடு அவள் பெயரில் ஒரு பழியும் இருக்கிறது. மயிலாடி சுயம்பு அண்ணாச்சியின் புதுக் காரை அவள் கல்யாண மோதிரம் கிழித்துவிட்டது என்பது இங்கே உட்கார்ந்திருக்கும் பலருக்கும் தெரிந்த கதை. அதைப் பேசாமல் இந்தத் தாளை மடிக்க எனக்கு வழியில்லை.

வேலை கேட்டு வந்த அன்றே அவள் எனக்கு எரிச்சல் மூட்டினாள். கடைக்குள் கால் வைக்காமல் வாசலில் நின்றுகொண்டு, "அண்ணே, ஒரு வாளி தண்ணி தருவீங்களா" என்று கேட்டாள். காலைக் கழுவி, செருப்பைக் கழுவி, சேலைக் கரையைப் பிழிந்து உதறிவிட்டு உள்ளே வந்தாள். இது என்ன கோயிலா என்று கேட்டேன். "கடப்புறத்துல இருந்து வாறேன். மணலு எங்கூடயே வந்துரும். ஒத்த மணலு துணியில ஏறினா போதும், வண்டி போச்சு" என்றாள். அதற்கு முன் அவள் கார் கழுவியதே இல்லை. ஆனால் மணலைப் பற்றி அவளுக்குச் சொல்லித்தர இங்கே யாரும் இல்லை. எட்டு வருடமும் அந்த ஒரு வாளித் தண்ணீர் வாசலில் இருந்தது.

கறுப்புக் காரை வாங்குகிறவர்கள் அதன் மினுமினுப்பைப் பார்த்து வாங்குகிறார்கள். ஆறு மாதம் கழித்து வெயிலில் நிறுத்திப் பார்த்தால், சூரியன் தெரியும் இடத்தைச் சுற்றிச் சிலந்தி வலை மாதிரி வட்ட வட்டமாகக் கீறல். யாரும் வேண்டுமென்று போட்டதல்ல. தோளில் கிடக்கும் துண்டால் தினமும் தூசி துடைத்ததுதான். ஸ்டெல்லா வாடிக்கையாளர் யாரென்று பார்க்க மாட்டாள். வக்கீலானாலும் சாமியாரானாலும் ஒரே பாட்டுத்தான். "தூசியத் தொடைக்காதீங்க. தண்ணி ஊத்தி ஒழுக விடுங்க, பொறவு கை வைங்க." நிழலில்தான் கழுவுவாள். சோப்புக்கு ஒரு வாளி, துணி அலச ஒரு வாளி. தரையில் விழுந்த துணியை நான் எடுத்தால் கையிலிருந்து பிடுங்கிவிடுவாள். "கீழ விழுந்தது வண்டிக்கு உள்ளதில்ல அண்ணே" என்பாள். அந்தத் துணி அன்று முதல் டயருக்கு.

மோதிரத்தையும் அப்படித்தான் பார்த்துக்கொண்டாள். அவள் ஊரில் கல்யாண மோதிரத்தை ஒரு பெண் கழற்றினால் வீட்டில் என்ன சண்டை என்று கேட்பார்கள். அதனால் தினமும் காலையில் பெயிண்டர்கள் ஒட்டும் தாள் டேப்பை எடுத்து, மோதிரத்தின் மேல் மூன்று சுற்றுச் சுற்றி, ஓரத்தை நகத்தால் அழுத்திவிட்டுத்தான் துணியைத் தொடுவாள்.

சுயம்பு அண்ணாச்சிக்கு மயிலாடியில் கல்பட்டறை. கோயில் சிலை செய்கிற குடும்பம். கல்தூசி பறக்கும் இடத்தில் கறுப்புக் கார் வாங்கலாமா என்று கேட்காதவர் இல்லை. அவருக்குக் கறுப்புத்தான் பிடித்திருந்தது. வாங்கியதும் அவர்கள் கும்பிடும் பதிக்கோயிலுக்குக் கொண்டுபோய், பானட்டில் வெள்ளை மண்ணால் திருநாமம் இட்டு, மறுவாரம் மகள் நிச்சயதார்த்தத்துக்காக எங்களிடம் கொண்டுவந்தார். நாமம் காய்ந்து இறுகிப்போயிருந்தது. அப்போது கடைக்கு இரண்டு வயது. அவர் ஒருவர் திருப்திப்பட்டால் மயிலாடிப் பட்டறைக்காரர்கள் பத்துப் பேர் பின்னால் வருவார்கள் என்று எனக்கு ஒரே பரபரப்பு.

வழக்கமாக நான் கைலிதான் கட்டுவேன். அன்று தக்கலையில் ஒரு கல்யாணத்துக்குத் தலையைக் காட்டிவிட்டு பேன்ட்டும் பெல்ட்டுமாக நேராகக் கடைக்கு வந்துவிட்டேன். ஸ்டெல்லா நாமத்தின் மேல் ஈரத்துணியைப் போட்டுவிட்டு மற்றப் பக்கம் வேலையாக இருந்தாள். வாசலில் அண்ணாச்சி வாட்சைப் பார்த்துக்கொண்டு நடக்கிறார். எனக்குப் பொறுக்கவில்லை. ஈரத்துணியை எடுத்தேன்.

"மண்ணு அண்ணே. தேய்க்காண்டாம். இன்னும் பத்து நிமிசம் ஊறட்டு" என்றாள்.

"ஊறினது போதும். மிண்டாம ஒன் சோலியப் பாரு" என்றேன்.

நாமம் பானட்டின் நடுவில் இருந்தது. கை எட்டவில்லை. வண்டியின் பக்கவாட்டில் வயிற்றைச் சாய்த்து எட்டினேன். இடுப்பருகே சர்ரென்று ஒரு சத்தம் கேட்டது. நான் கேட்டேன், எதிரில் நின்ற அவளும் கேட்டாள். நிமிர்ந்து பார்த்தால் முன்சக்கரத்துக்கு மேலே விரல் நீளத்தில் மூன்று கோடுகள். ஸ்டெல்லா என் பெல்ட்டின் பக்கிளை ஒரு தடவை பார்த்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள். அதற்குள் அண்ணாச்சி உள்ளே வந்துவிட்டார்.

கல்லில் உளி விழுந்த தடத்தைத் தடவிப் பார்க்கிற கை அவருடையது. கோட்டின் குறுக்கே நகத்தை ஓட்டினார். நகம் தட்டி நின்றது. நகம் தட்டுகிற கீறல் பாலிஷில் போகாது. மேல்பூச்சு முழுக்க அறுந்துவிட்டது என்று அர்த்தம். அவர் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. அவள் கையைப் பார்த்தார்.

"மோதிரம் போட்டுட்டா வண்டியத் தொடுகா?" என்றார்.

இந்த இடத்தில் நான் என்ன சொல்லியிருக்க வேண்டும் என்பது எனக்கு அப்போதே தெரியும். பத்து வண்டிகள் கண்ணில் வந்து நின்றன. "டேப் விலகியிருக்கும் அண்ணாச்சி" என்றேன்.

அவள் மோதிரக் கையை மற்றக் கையால் மூடிக்கொண்டு நின்றாள். அண்ணாச்சி சத்தம் போடுகிற ஆள் அல்ல. "இனி எனக்க வண்டிய இவ தொடாண்டாம்" என்றார், அவ்வளவுதான். நான் சொன்னதை அவர் நம்பினார். நம்பியதை நாலு பேரிடம் சொன்னார். குற்றம் அவருடையது அல்ல.

அவர் போன பிறகு ஸ்டெல்லா உள்ளே போய் ஒரு கைலியை எடுத்து வந்தாள். "பெல்ட்ட அவுத்துப் போட்டுட்டு இத உடுங்க அண்ணே. அடுத்த வண்டி நிக்கி" என்றாள். எனக்குத் தெரியும், அவளுக்குத் தெரியும். ஆனாலும் எங்களுக்குள் அதைப் பற்றிய பேச்சு அந்த ஒரு வரியோடு நின்றது. மறுநாள் கதவுக்குப் பக்கத்தில் ஒரு ஆணி அடித்து அந்தக் கைலியைத் தொங்கவிட்டாள். அவளும் மோதிரம் இல்லாமல் வந்திருந்தாள். விரலில் அது இருந்த இடம் வெள்ளையாகத் தெரிந்தது. வெயிலில் அந்த வெள்ளை மங்கி மறைய ரொம்ப நாள் ஆயிற்று. அத்தனை நாளும் நான் அவள் கையைப் பார்க்காமல் பேசக் கற்றுக்கொண்டேன்.

கோணலான ஒரு நியாயமும் கண்டுபிடித்து வைத்திருந்தேன். அவளுக்குக் கோபம் இருந்தால் வேலையை விட்டிருப்பாளே என்று. மாதம் ஒருமுறை சுயம்பு அண்ணாச்சியின் வண்டி வரும். அவள் துணியைக் கீழே வைத்துவிட்டுப் பின்சுவர் ஓரமாகப் போய் நிற்பாள். நான் தனியாகக் கழுவுவேன். அங்கிருந்தே சொல்லுவாள்: "மேல இருந்து வாங்க அண்ணே. பைய. அந்தத் துணி போதும், மாத்துங்க." கல்தூசி படிந்த ஒரு கறுப்புக் கார் ஆறு வருடம் அந்தக் கல்தூசியால் ஒரு கோடுகூட விழாமல் இருந்தது என்றால், அது தொடக்கூடாது என்று தள்ளி நிறுத்தப்பட்டவளின் கண்ணால்தான். அந்த மூன்று கோடுகள் மட்டும் அப்படியே இருந்தன. ஒவ்வொரு மாதமும் நானே அவற்றைக் கழுவினேன்.

ஒருமுறை வாய்வரை வந்தது. போன வருடம் அண்ணாச்சி வண்டியை விட்டுவிட்டு, "அந்தப் பொம்பள இன்னும் இஞ்சதான் நிக்காளா?" என்று கேட்டார். ஸ்டெல்லா சுவரோரத்தில் நிற்கிறாள். காதில் விழாமல் இருக்காது. திரும்பினால் அவள் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறாள். கோபமான பார்வை இல்லை. பஸ் வருகிறதா என்று பார்ப்போமே, அந்த மாதிரி. "அண்ணாச்சி..." என்றேன். அவர் "என்னவே?" என்றார். "டீ குடிக்கியளா?" என்று கேட்டேன். ஸ்டெல்லா குனிந்து வாளியை எடுத்துக்கொண்டு அந்தப் பக்கம் போய்விட்டாள்.

அடக்கத்தன்று பெட்டியை மூடும் முன் அந்தோணி ஒரு சின்ன டப்பாவோடு என்னிடம் வந்தார். திறந்தால் மோதிரம். மேலே கீறல் விழுந்த அன்று சுற்றிய டேப் அப்படியே இருந்தது. மஞ்சளாகிக் காய்ந்திருந்தது, மூன்று சுற்றும் ஒழுங்காக, ஓரத்தில் அவள் நகம் அழுத்திய தடத்தோடு இருந்தது.

"இத அவ கையில போட்டுத்தான் அனுப்பணும். எனக்குக் கை வெறைக்கி. கீறாம எடுக்க உங்களுக்குல்லா தெரியும்" என்றார்.

சுற்றி நீங்கள் எல்லோரும் நின்றீர்கள். யாரோ செபம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். நான் நகத்தால் டேப்பின் நுனியைத் தேடினேன். எத்தனையோ வண்டிகளில் எத்தனையோ டேப் உரித்திருக்கிறேன். அந்த ஒரு விரல்கடை டேப் எனக்கு வசப்படவில்லை. ஒரு சுற்று பிரிந்ததும் கையை நிறுத்தினேன். அந்தோணியின் காதருகே குனிந்து, "அந்தோணி, சுயம்பு அண்ணாச்சி வண்டியில கீறினது இது இல்ல. எனக்க பெல்ட்டு" என்றேன்.

அவர் முகம் மாறவில்லை. "எனக்குத் தெரியும்" என்றார். "அவ அண்ணைக்கே வந்து சொன்னா. நான் வந்து உங்ககிட்ட கேக்கப் பொறப்பட்டேன். அவதான் தடுத்தா. அண்ணனே ஒருநா வாய் தொறந்து சொல்லுவாரு, அதுவர நீங்க போகாதீங்கன்னா. டேப்ப பிரிக்கவும் விடல. அண்ணன் சொன்ன பொறவு பிரிச்சுப் போட்டுக்கிடுகேன்னு டப்பாவுல வச்சா."

மீதி டேப்பையும் உரித்துக் கொடுத்தேன். மோதிரம் அவள் விரலில் ஏறவில்லை. ஆறு வருடத் தண்ணீர் வேலையில் விரல் கணு தடித்துப்போயிருந்தது. அந்தோணி அதைச் சுண்டுவிரலில் போட்டார். பிறகு என் பக்கம் திரும்பி, "எங்கிட்ட சொன்னா தீந்துதுன்னு நெனைக்காதீங்க அண்ணே. மோதிரத்தக் கழத்தினதுக்கு ஊருல என்னென்ன பேசினாவ, அவ எல்லாத்தையும் கேட்டுட்டுக் கெடந்தா. பழி நாலு பேரு முன்னால வந்தது. போகதும் நாலு பேரு முன்னால போகட்டு" என்றார்.

அதற்காகத்தான் நான் இங்கே நிற்கிறேன். சுயம்பு அண்ணாச்சி முதல் வரிசையில் இருக்கிறார். நேற்று மயிலாடிக்குப் போய் நானே அழைத்தேன். எதற்கென்று சொல்ல அப்போதும் தைரியம் வரவில்லை. அண்ணாச்சி, உங்கள் வண்டியைக் கிழித்தது என் பெல்ட். ஸ்டெல்லா பொறு என்றாள், நான் பொறுக்கவில்லை. உங்கள் முன்னால் பொய் சொன்னதும் நான்தான். இனி நீங்கள் என்ன சொன்னாலும் கேட்டுக்கொள்கிறேன். அவளிடம் கேட்க வேண்டிய மன்னிப்பைக் கேட்க எனக்கு ஆறு வருடம் இருந்தது. ஒரு நாள்கூடக் கேட்கவில்லை.

"கறுப்பு ஒண்ணையும் மறைக்காது அண்ணே, அதான் எனக்குக் கறுப்பு வண்டி பிடிச்சிருக்கு" என்று ஒருநாள் துவாலை பிழிந்துகொண்டே சொன்னாள். எனக்குச் சொன்னாளா, வண்டியைச் சொன்னாளா என்று கேட்க அன்றும் எனக்கு வாய் வரவில்லை.

கடையில் அந்த ஆணியும் கைலியும் இருக்கின்றன. வாசலில் வாளித் தண்ணீர் இருக்கும். அன்று நான் உரித்தெடுத்த டேப் இதோ என் சட்டைப் பையில் இருக்கிறது. இன்னும் விரல் சுற்றளவுக்குச் சுருண்டே கிடக்கிறது. இதை நான் வைத்துக்கொள்கிறேன். அதற்கு முன் எல்லோரும் ஒருமுறை கையில் வாங்கிப் பாருங்கள். அண்ணாச்சி, நீங்கள் முதலில் பாருங்கள். அது எந்த இடத்திலும் விலகவில்லை.