நாலு பக்கம் காலி

நான் செய்த முட்டாள்தனங்களுக்குள் முதல் பரிசு என்று வைத்தால் பலத்த போட்டி இருக்கும். ஆனாலும் இதற்குத்தான் தருவேன்: வேறொரு பெண்ணின் கணவரை, அவரிடம் ஒரு வார்த்தை கேட்காமல், நாகப்பட்டினத்தில் கப்பலேற்றிச் சிங்கப்பூரில் கொண்டுவந்து இறக்கினேன். காகிதத்தில்தான். ஆனால் அச்சடித்த காகிதம்.

அறுபதுகளின் கடைசியில் நடந்தது. அதற்கு முன்பே மூன்று நாவல்கள் எழுதிச் சொந்தமாக அச்சிட்டு, கட்டுக்கட்டாகக் கட்டிலுக்கடியில் பாதுகாத்து வந்தேன். சிராங்கூன் சாலையில் யாராவது என்னை நிறுத்தி, "நீங்கதானே அந்தப் புத்தகம் போட்டது?" என்றால் நெஞ்சு நிமிர்ந்துவிடும். அடுத்த கேள்வி எப்போதும் ஒன்றுதான்: "அட்டை எங்க அடிச்சீங்க? நல்லா வந்திருக்கே!"

கதையைப் பற்றி ஒருவரும் வாய் திறந்ததில்லை. ஆனால் எல்லார் வீட்டு அலமாரியிலும் அவரவர் எழுதி வைத்த ஒரு கையெழுத்துப் பிரதி இருந்தது. எந்த அச்சகம், என்ன தாள், யார் பிழை திருத்துவார் என்று அவர்கள் கேட்க, நான் சொல்ல, எந்த நாளில் என்று தெரியவில்லை, எழுதுகிறவனாக இருந்த நான் எழுதுகிறவர்களை அச்சகத்துக்கு அழைத்துப் போகிறவனாக ஆகிவிட்டேன். இது பதவி உயர்வா இறக்கமா என்று குழம்பி மனைவியைக் கேட்டேன்.

"கட்டிலுக்கடியில இனிமே இடமில்ல. எதுவா இருந்தாலும் நல்லதுதான்" என்றாள்.

அப்படித்தான் அந்த டீச்சரும் வந்தார். தமிழ்ப் பள்ளி ஆசிரியை. கேலாங்கில் ஒரு லோரோங்கில், அதாவது சந்தில், ஓலை வேய்ந்த அத்தாப்பு வீடு. கணவர் ஊருக்குப் போய் ஆறு வருடம், கடிதமும் நின்றுவிட்டது. டீச்சர் எழுதிய நாவலிலும் அதே கதைதான். போன கணவன் வரவில்லை. கடைசியில் மனைவி தோ பாயோவில் புது அடுக்குமாடி வீடு வாங்கி, பழைய வீட்டில் விலாசம் எதுவும் விட்டுவைக்காமல் போய், சாவியைத் திருப்பிக் கதவைத் திறக்கிறாள். அவ்வளவுதான், முற்றும்.

"எழுத்தாளர் ஆகணும்னு ஆசையெல்லாம் இல்ல சார்," என்றார். "வீட்டுக்காரர் எப்ப வர்றார், எப்ப வர்றார்னு எங்க லோரோங் முழுக்கக் கேக்குறாங்க. ஒவ்வொருத்தருக்கா பதில் சொல்லி முடியல. மொத்தமா எழுதிட்டேன். படிச்சுத் தெரிஞ்சுக்கட்டும்."

இதைவிடத் தெளிவாக ஒருவர் சொல்ல முடியாது. நான் பலமாகத் தலையாட்டினேன். ஆட்டிய தலைக்குள் எதுவும் போகவில்லை.

டன்லப் ஸ்திரீட் பக்கம் ஒரு பாய் வைத்திருந்த அச்சகத்தில் வேலை நடந்தது. பாயிடம் இருந்த ஈய எழுத்து ஒரு ஃபாரத்துக்குத்தான் போதும்; அதாவது பதினாறு பக்கம். அதை அடித்ததும் எழுத்தைக் கலைத்து அடுத்த பதினாறைக் கோப்பார்கள். கலைத்தால் கலைத்ததுதான்.

கடைசி ஃபாரத்தன்று பாய் கூப்பிட்டு அனுப்பினார்.

"எழுத்தாளரே, கதை பன்னெண்டாம் பக்கத்துலயே முடிஞ்சு போச்சு. நாலு பக்கம் காலி. மசாலாத்தூள் கடைக்காரர் விளம்பரம் கேக்குறாரு, போடவா?"

"என்ன பாய், அந்தப் பொண்ணு கதவைத் தொறக்குது, எதிர்ப்பக்கத்துல மீன் மசாலாவா?"

"அப்ப வெறுமனே வுடவா? சீக்கிரம் சொல்லுங்க லா. கல்யாணப் பத்திரிகை காத்துக் கெடக்கு, எழுத்து வேணும்."

வெறுமனே விட்டிருக்கலாம். ஆனால் வெற்றுத்தாளைக் கண்டால் எனக்குக் கை அரிக்கும். டீச்சரோ வகுப்பில் இருந்தார். எதிரே கோப்பிக்கடையில் உட்கார்ந்தேன். பாலில்லாத ஒரு கோப்பி ஓ ஆறுவதற்குள் கணவன் தஞ்சோங் பகார் துறைமுகத்தில் இறங்கிவிட்டான். விலாசமே இல்லாதவளை எப்படிக் கண்டுபிடித்தான் என்று எனக்கே குழப்பம். பால்காரர் சொன்னார் என்று சமாளித்தேன். அவள் அழ, அவன் அழ, எனக்கும் கண் கலங்கியது. பாயிடம் படித்துக் காட்டினேன். அவரும் மூக்கைத் துடைத்துக்கொண்டார். அவருக்கு இரண்டு நாளாகச் சளி என்பது பிறகுதான் தெரிந்தது.

அந்த வாரக் கடைசியில், தைத்து அடுக்கிய புத்தகங்களைப் பார்க்க டீச்சர் வந்தார். அட்டை மட்டும்தான் ஒட்ட வேண்டும். ஒரு பிரதியை எடுத்துக் கடைசிப் பக்கங்களை நின்றபடியே படித்தார். ஆனந்தக் கண்ணீருக்காக நான் காத்திருந்தேன்.

"இவர் ஏன் சார் வந்தார்?"

"நாலு பக்கம் காலியா இருந்துச்சு டீச்சர்."

சொன்ன பிறகுதான் என் காதிலேயே அது விழுந்தது. இருந்தாலும் விடவில்லை. "படிக்கிறவங்க சந்தோஷப்படுவாங்களே?"

"நல்லாப் படுவாங்க. பட்டுட்டு நேரா என் வாசலுக்கு வருவாங்க. வந்துருவார்னு நீயே எழுதியிருக்கியே, எப்ப வர்றார்னு கேப்பாங்க."

நான் பாயைப் பார்த்தேன். பாய் மேற்கூரையைப் பார்த்தார். எழுத்தெல்லாம் யாருடைய கல்யாணப் பத்திரிகையிலோ உட்கார்ந்திருந்தது. திரும்ப அடிக்க வழியில்லை.

"எவ்வளவு பெரிய சங்கதி? ரெண்டு தாள்தானே," என்று பாய் மூன்று பிளேடு கொண்டுவந்தார்.

மூவரும் தரையில் உட்கார்ந்தோம். பிரதிக்கு இரண்டு தாள் வெட்டினோம். டீச்சர் கை வேகமாக ஓடியது. என் கை ஒவ்வொரு முறையும் தயங்கியது. நல்ல வருணனை ஐயா அது, கப்பலின் புகைகூட எழுதியிருந்தேன். வெட்டிய பிரதி ஒன்றைப் புரட்டினேன். அவள் கதவைத் திறக்கிறாள், அதற்கு மேல் ஒன்றுமில்லை. முழுசாக இருந்தது. நாலு பக்கம் குறைந்தது எப்படி முழுசாகும்? மூன்று நாவல் எழுதியவனுக்கு அது விளங்கவில்லை. இன்றைக்கும் அரைகுறையாகத்தான் விளங்குகிறது.

லோரோங்கில் கொடுப்பதற்கென்று ஒரு கட்டுப் புத்தகத்தை முதலில் அட்டை ஒட்டி வாங்கிக்கொண்டு டீச்சர் படியிறங்கினார். என் வாய் சும்மா இருக்குமா?

"டீச்சர், ஒன்னே ஒன்னு. நெசமாவே ஒருநாள் அவர் வந்து வாசல்ல நின்னுட்டார்னா?"

புத்தகக் கட்டை இடுப்புக்கு மாற்றிக்கொண்டார்.

"உங்க வீட்டுக்கு அனுப்பி வைக்கிறேன் சார்."