பானைக்குப் பூசுற ஈயம்

பசறையில் தம்பி வீட்டுக்குள் நுழைந்ததும் அந்த வாடை முகத்தில் அடித்தது. நமுனுகுல தேயிலைத் தோட்டத்து லயத்தில், பிறகு மண்சரிவோடு போன எங்கள் சமையலறையில், குளிருக்காகக் கதவைச் சாத்திக்கொண்டு அப்பா தூண்டில் குண்டு வார்க்கப் பழைய பேட்டரி ஈயத்தை உருக்கும்போது விறகுப் புகையோடு கலந்து தொண்டையில் கசந்த அதே வாடை.

"வெளிய வச்சு உருக்குங்களேன்," என்று அம்மா ஒவ்வொரு முறையும் கெஞ்சுவாள்.

"பித்தளைப் பானைக்குப் பூசுற ஈயந்தானே, என்னா பண்ணும்?" என்பார் அப்பா.

பானைக்குப் பூசுவது வெள்ளீயம், இது காரீயம், புகையே நஞ்சு என்று தம்பியிடம் எத்தனை தடவைதான் கத்துவது? இன்றும் ஜன்னலெல்லாம் சாத்திக்கொண்டு அடுப்பில் ஈயம் உருக்கிக்கொண்டிருந்தான்.

"மழை பெய்யுதுக்கா. பானைக்குப் பூசுற ஈயந்தானே," என்றான், அப்பாவின் குரலிலேயே.

பக்கத்து அடுப்பில் அவன் பிள்ளைக்குப் பால் திறந்தபடி காய்ந்துகொண்டிருந்தது.